ஹாங் மியுங் போ: ஆட்டக்காரராகப் பெரிய ஆள், கோச்சாகப் பூஜ்யமா?

06-12-2025, காலை 8.15 | இடதுவிங்

நேத்து உலகக் கோப்பை டிரா பார்த்தேன். தென் கொரியா ஏ பிரிவுல இருக்கு, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா கூட. கோச் யாருன்னு பார்த்தா மறுபடியும் அதே ஹாங் மியுங் போ! 2014 உலகக் கோப்பைல கோச்சா ஒரே ஒரு பாயின்ட் எடுத்துட்டு ஏர்போர்ட்ல மிட்டாய் வீச்சு வாங்கினவர். பிளேயரா பெரிய ஆள், அதுல பேச்சே இல்ல. கோச்சா பூஜ்யம். 2002 உலகக் கோப்பைல ஆடின பேரை வச்சே பொழப்பு ஓடுது. மறுக்கிறவங்க வாங்க.

06-12-2025, காலை 11.02 | கார்னர்கொடி

பூஜ்யம் என்றால் லண்டன் ஒலிம்பிக் வெண்கலம் எங்கே போகும்? கொரிய கிளப் உல்சானின் இரண்டு லீக் பட்டம் எங்கே போகும்? 2022, 2023 இரண்டு ஆண்டும் கொரியாவின் முதல் டிவிஷனான கே லீக்கின் சிறந்த பயிற்சியாளர் அவர்தான். பயிற்சியாளர் கணக்கில் பெரிய ஓட்டைகளும் உண்டு: 2014 பிரேசில், 2016-ல் சீனாவின் ஹாங்சோ அணியோடு முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. ஆள் ஒருவர்தான், விளைவு மட்டும் இரண்டு துருவம். அதற்குக் காரணம் தேடினால் பேச விஷயம் இருக்கிறது.

என் கட்சி இது. ஒரே கூட்டத்தோடு இரண்டு மூன்று வருடம் இருக்கவிட்டால் நன்றாகச் செய்வார். அவசரத்துக்குக் கூப்பிட்டால், ஏற்கெனவே தெரிந்த முகங்களைத் தேடிப் போவார். அங்கேதான் சறுக்கல்.

06-12-2025, காலை 11.20 | கார்னர்கொடி

மிட்டாய் பற்றி: அது 'யோட்' என்கிற கொரிய ஜவ்வு மிட்டாய். அதைத் தின்னு என்று ஒருவரிடம் சொன்னால் அங்கே வசவு. இஞ்சியோன் விமான நிலையத்தில் வீசியது பசிக்கு இல்லை.

06-12-2025, இரவு 9.47 | கார்னர்கொடி

ஆட்டக்காரர் காலத்திலிருந்து போனால்தான் கோச் புரிவார்.

பிறந்தது 1969, சோல். கொரியா பல்கலைக்கழகம், அப்புறம் போஹாங் அணி. 1992-ல் முதல் முழு சீசனிலேயே லீக் பட்டம், கூடவே லீக்கின் சிறந்த வீரர் விருது. ஒரு தடுப்பாட்டக்காரருக்கு, அதுவும் புதுமுகத்துக்கு, இது சாதாரணமாகக் கிடைக்காது. 1997-ல் ஜப்பானின் ஹிராட்சுகா, 1999-ல் காஷிவா ரெய்சோல். அந்த வருடமே காஷிவாவோடு லீக் கோப்பை ஜெயித்தார், பிறகு அங்கே கேப்டனாகவும் ஆனார். 2002-ல் திரும்பப் போஹாங், 2003-ல் லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்ஸி, 2004-ல் ஓய்வு. 1990, 94, 98, 2002 என நான்கு உலகக் கோப்பை, நான்கிலும் 20-ஆம் எண் சட்டை.

இடம்: லிபரோ. அந்தக் காலக் கொரிய அணியில் இரண்டு ஸ்டாப்பர்கள் எதிரணியின் இரண்டு முன்கள ஆட்டக்காரர்களையும் ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொள்வார்கள். ஹாங் அவர்களுக்குச் சில மீட்டர் பின்னால் யாரையும் பிடிக்காமல் நிற்பார். ஸ்டாப்பரைத் தாண்டி வரும் பந்தைக் கூட்டித் தள்ளுவது பாதி வேலைதான். பந்து கைக்கு வந்ததும் அவரே நடுகளம் வரை ஓட்டிப் போவார். அவரைப் பிடிக்க ஆள் ஒதுக்காத எதிரணி அங்கே ஒரு ஆள் குறைந்து தவிக்கும். யாராவது எதிர்த்து வந்தால், வந்தவன் விட்டுவிட்டு வந்த இடத்துக்குப் பாஸ் போகும்.

ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. முன்னால் போய்ப் பந்தை விட்டால் பின்னால் யாரும் இல்லை. இன்னொன்று, கடைசி ஆள் அவ்வளவு பின்னால் நிற்பதால் எதிரணிக்கு ஆஃப்சைட் பயம் குறைவு, கோலுக்குப் பக்கத்திலேயே உலாவலாம். 1990-களின் கடைசியில் பெரிய அணிகள் இந்த முறையைக் கைவிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

06-12-2025, இரவு 10.30 | கார்னர்கொடி

1994 தனியாகச் சொல்ல வேண்டியது. டல்லாஸ், ஸ்பெயினோடு முதல் ஆட்டம். ஸ்பெயினின் தடுப்பாளர் நடால் 25-ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கிப் போயும் ஸ்பெயின் 2-0 முன்னிலை. 85-ஆவது நிமிடம் ஹாங்கின் ஃப்ரீகிக், சுவரில் உரசித் திசைமாறி உள்ளே. 90-இல் சோ ஜுங் வோன் சமன் செய்தார்.

பத்து நாள் கழித்து அதே டல்லாஸ் வெயிலில் ஜெர்மனி. 37 நிமிடத்துக்குள் 3-0. இரண்டாம் பாதியில் ஹ்வாங் சுன் ஹாங் ஒன்று, 63-இல் ஹாங் தூரத்திலிருந்து அடித்தது ஒன்று. 3-2. நடப்பு உலகச் சாம்பியன் கடைசி அரைமணி நேரம் மூச்சு வாங்க ஓடியது. ஒரே உலகக் கோப்பையில் இரண்டு கோல், அடித்தவர் அணியின் கடைசித் தடுப்பாளர்.

07-12-2025, காலை 7.50 | ஸ்டாப்பேஜ்டைம்

2002-ஐ விட்டுட்டீங்களே தல. அந்த உலகக் கோப்பை நாக்அவுட் இத்தாலி மேட்ச்ல 117 நிமிஷமும் பின்னாடி நின்னு காப்பாத்தினவர் அவர்தானே?

07-12-2025, மதியம் 1.10 | கார்னர்கொடி

இல்லை. அந்த ஆட்டத்தில் 83-ஆவது நிமிடமே ஹாங் வெளியே. கேப்டனையே எடுத்துவிட்டு சா டு ரியை இறக்கினார் அப்போதைய கொரியப் பயிற்சியாளர் ஹிடிங்க். அதற்கு முன் 63-இல் தடுப்பாளர் கிம் டே யோங் போய் ஹ்வாங் சுன் ஹாங் வந்தார். 68-இல் தடுப்பு நடுகள ஆட்டக்காரர் கிம் நாம் இல் போய் லீ சுன் சூ வந்தார். 1-0 பின்தங்கிய நேரத்தில் தடுக்கிறவர்கள் மூன்று பேர் போய், தாக்குகிறவர்கள் மூன்று பேர் உள்ளே. பின்வரிசையில் நடுகள ஆட்டக்காரர்களை வைத்து ஒட்டுப்போட்ட நிலைமை. 88-இல் சொல் கி ஹியோன் சமன், 117-இல் ஆன் ஜுங் ஹ்வானின் தங்க கோல் (கூடுதல் நேரத்தில் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும்). ஹாங் அப்போது பெஞ்சில்.

இதைச் சொல்வது அவரைக் குறைக்க இல்லை. ஹிடிங்கின் மூன்று பேர் வரிசையில் (சோய் ஜின் சோல், ஹாங், கிம் டே யோங்) பழைய லிபரோவுக்கு இடமே கிடையாது. மூன்று பேரும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்க வேண்டும், நடுகளத்துக்கும் தங்களுக்கும் இடைவெளி விழாமல் முன்னேற வேண்டும், பந்து போனால் பக்கவாட்டில் லீ யோங் பியோவும் சோங் ஜோங் குக்கும் இறங்கி ஐந்தாக வேண்டும். 33 வயதில், காயத்திலிருந்து திரும்பி வந்த ஒருவர் தன் பழக்கத்தையே மாற்றிக்கொண்டு இதை ஆடினார். தனியாக முன்னால் ஓடுவது குறைந்தது, கூப்பிட்டு வரிசையைப் பிடித்து நிறுத்துவது கூடியது.

அதற்கு முந்தைய வருடம் இதே ஹிடிங்கின் அணி பிரான்சிடமும் செக் அணியிடமும் 0-5, 0-5 என்று வாங்கியது. கொரியப் பத்திரிகைகள் அவருக்கு 'ஐந்துக்கு பூஜ்யம்' என்று பட்டப்பெயரே வைத்தன. அந்த 0-5 நினைவில் இருக்கட்டும், பின்னால் இன்னொன்று வரும்.

07-12-2025, மதியம் 1.25 | கார்னர்கொடி

ஸ்பெயினோடு கால் இறுதி, குவாங்ஜு, 0-0, பெனால்டி. ஹ்வாங் சுன் ஹாங், பார்க் ஜி சுங், சொல் கி ஹியோன், ஆன் ஜுங் ஹ்வான் நான்கு பேரும் போட்டார்கள். ஹொவாக்கின் அடித்ததை லீ வூன் ஜே தடுத்தார். ஐந்தாவது ஹாங். போட்டதும் கையை விரித்து ஓடியபோது வாய் நிறையச் சிரிப்பு. எப்போதும் உம்மென்று இருக்கிற முகம், அதனால்தான் அந்தப் படம் கொரியாவில் இன்றும் ஓடுகிறது. (ஸ்பெயினின் மோரியென்டஸ் போட்ட தலைக்கோல் மறுக்கப்பட்டது தப்பு, அவருக்கு வந்த கிராஸுக்கு முன் பந்து கடைசிக் கோட்டைத் தாண்டி வெளியே போகவில்லை. இதில் சண்டைக்கு வராதீர்கள், ஒத்துக்கொள்கிறேன்.)

அந்தத் தொடரின் மூன்றாவது சிறந்த வீரருக்கான வெண்கலப் பந்து ஹாங்குக்கு. கான், ரொனால்டோ, அடுத்து இவர். ஆசியாவிலிருந்து அந்தப் பரிசு வாங்கிய முதல் ஆள். ஆனால் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் துருக்கியின் ஹகான் ஷுகுர் 11 விநாடியில் அடித்த கோல், உலகக் கோப்பை வரலாற்றிலேயே வேகமான கோல், ஹாங் காலிலிருந்து பறித்த பந்தில் வந்தது. பின்னால் ஆளில்லாமல் பந்தை விட்டால் என்ன ஆகும் என்று மேலே எழுதியதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

08-12-2025, இரவு 8.20 | இடதுவிங்

பிளேயர் புராணம் போதும். கோச்சுக்கு வாங்க.

08-12-2025, இரவு 11.05 | கார்னர்கொடி

வருகிறேன்.

2005-ல் தேசிய அணிப் பயிற்சியாளர் அட்வகாட்டுக்கு உதவிப் பயிற்சியாளர், 2006 உலகக் கோப்பை. பிறகு அடுத்து வந்த வெர்பீக்கிடம். 2009-ல் 20 வயதுக்குட்பட்ட அணி தனியாகக் கைக்கு வந்தது. எகிப்தில் உலகக் கோப்பை: கேமரூனிடம் 0-2 தோல்வி, ஜெர்மனியோடு 1-1, அமெரிக்காவையும் பராகுவேயையும் தலா 3-0, கால் இறுதியில் கானாவிடம் 2-3. கூ ஜா சோல், கிம் போ கியுங், கிம் யோங் குவோன், ஹாங் ஜியோங் ஹோ எல்லோரும் அந்தக் கூட்டம். இந்தப் பெயர்களை மறக்காதீர்கள், அடுத்த ஐந்து வருடத்துக்கு இவர்கள்தான்.

2010 குவாங்சோ ஆசிய விளையாட்டு. இங்கே கால்பந்தை விட்டு ராணுவ விதிக்குள் போக வேண்டும். கொரிய ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை. ஒலிம்பிக்கில் எந்தப் பதக்கமானாலும், ஆசிய விளையாட்டில் தங்கம் மட்டும் வாங்கினாலும், சில வாரப் பயிற்சியோடு விலக்கு. ஆசிய வெள்ளி வெண்கலத்துக்கு ஒன்றும் கிடையாது. அரை இறுதியில் ஐக்கிய அரபு அமீரகத்தோடு 0-0, கூடுதல் நேரம் முடியப் போகிறது. பெனால்டிக்காகவே கோல்கீப்பர் கிம் சுங் கியூவை எடுத்துவிட்டு லீ பொம் யோங்கை இறக்கினார் ஹாங். அடுத்த மூச்சில், 122-ஆவது நிமிடத்தில், எமிரேட்ஸ் கோல். தங்கமும் போச்சு, விலக்கும் போச்சு. மூன்றாம் இடத்துக்கு ஈரானோடு 1-3-லிருந்து 4-3 ஆக்கினார்கள். சட்டப்படி அதற்கு மதிப்பில்லை.

08-12-2025, இரவு 11.40 | கார்னர்கொடி

இரண்டு வருடம் கழித்து, கார்டிஃப், பிரிட்டனோடு ஒலிம்பிக் கால் இறுதி. முதல் கீப்பர் ஜுங் சுங் ரியோங் மோதலில் காயப்பட்டு வெளியேற, வந்தவர் அதே லீ பொம் யோங். 1-1, பெனால்டி. நாலுக்கு நாலு. ஸ்டரிட்ஜ் அடித்ததைத் தடுத்தார், கி சுங் யுங் கடைசியைப் போட்டார். குவாங்சோவில் பலிக்காத அதே கீப்பர் கணக்கு இங்கே தானாக அமைந்தது.

அரை இறுதியில் பிரேசில் 3-0 அடித்தது, அதில் பேச ஒன்றுமில்லை. வெண்கல ஆட்டம் ஜப்பானோடு: 38-இல் பார்க் சூ யோங், 57-இல் கூ ஜா சோல், 2-0. கடைசி நிமிடங்களில் கூவை எடுத்துவிட்டு கிம் கி ஹீயை இறக்கினார். தந்திரம் எதுவும் இல்லை அதில். 18 பேரில் அதுவரை ஒரு நிமிடம்கூட ஆடாதவர் கிம் கி ஹீ ஒருவர்தான். அப்போதைய விதிப்படி களம் இறங்காதவருக்கு ராணுவ விலக்கு இல்லை. நாலு நிமிடம் ஆடி விலக்கு வாங்கினார்.

பார்க் சூ யோங் கதை கசப்பானது. மொனாக்கோவில் இருந்தபோது கிடைத்த குடியிருப்பு உரிமையை வைத்துச் சேவையைப் பத்து வருடம் தள்ளிவைத்தார் என்று நாடே கொதித்தது. ஹாங் அவரைப் பத்திரிகையாளர் முன் கூட்டி வந்து, இவர் போகாவிட்டால் நான் போகிறேன் என்கிற அளவுக்குப் பேசி அணியில் சேர்த்தார். அந்த நம்பிக்கை ஜப்பானோடு கோலாகத் திரும்பி வந்தது. சிக்கலும் அங்கேதான் விதைக்கப்பட்டது.

09-12-2025, காலை 10.15 | கார்னர்கொடி

2014. இடதுவிங் சொன்ன ஒரு பாயின்ட்.

ஜூன் 2013-ல் பொறுப்பு, உலகக் கோப்பைக்கு ஒரே வருடம். கிளப்பில் ஆடாதவருக்கு இடமில்லை என்று ஆரம்பத்தில் சொன்னார். பார்க் சூ யோங் ஆர்சனலில் பெஞ்சில்கூட அரிது, வாட்ஃபோர்டுக்கு லோனில் போயும் ஆட்டமில்லை. 2014 மார்ச்சில் கிரீஸோடு நட்பு ஆட்டத்தில் கூப்பிட்டார், பார்க் கோல் போட்டார், விதி காற்றோடு போனது. போஹாங்கில் நல்ல ஃபார்மில் இருந்த லீ மியுங் ஜூ வீட்டில். 23 பேரில் ஏறத்தாழப் பாதி லண்டன் கூட்டம். 'விசுவாசக் கால்பந்து' என்று கேலி கிளம்பியது அப்போதுதான்.

போவதற்கு முன்பே எச்சரிக்கை இருந்தது: துனிசியாவிடம் 0-1, மயாமியில் கானாவிடம் 0-4.

ரஷ்யாவோடு 1-1, அகின்ஃபெயெவ் கைநழுவவிட்டது. அடுத்து போர்ட்டோ அலெக்ரேயில் அல்ஜீரியா. 26-ஆவது நிமிடம்: பின்னாலிருந்து ஒரு நீளப் பந்து, ஹாங் ஜியோங் ஹோவும் கிம் யோங் குவோனும் இரண்டு பக்கமும் ஓட, நடுவில் புகுந்து ஸ்லிமானி. 28: கார்னர், கீப்பர் வெளியே வந்து பந்தைத் தொடவில்லை, ஹலிஷ் தலையால். 38: மறுபடி நீளப் பந்து, ஸ்லிமானி தொட்டுக் கொடுக்க ஜாபு. பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று. முதலும் மூன்றும் ஒரே தப்பு: முன்னால் பந்து வைத்திருப்பவனுக்கு நெருக்கடி இல்லை, பின்வரிசை மேலே நிற்கிறது, யாரும் பின்வாங்கவில்லை. உலகத்திலேயே அந்த இடத்தைப் படிக்கத் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 2-4. அப்புறம் பத்துப் பேரோடு ஆடிய பெல்ஜியத்திடம் 0-1. ஜூலை 10-ல் ராஜினாமா.

09-12-2025, காலை 10.40 | கார்னர்கொடி

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். தெரிந்தவர்களை எடுத்ததே தப்பு என்று படிக்காதீர்கள். 2012-ல் அவர்களில் பெரும்பாலோர் 21 முதல் 23 வயது, மூன்று வருடம் ஒன்றாக இருந்தவர்கள். 2014-ல் பெயர் அதே, ஃபார்ம் வேறு. பழைய ரேஷன் கார்டை வைத்துப் புது அரிசி கேட்ட மாதிரி.

10-12-2025, இரவு 7.30 | ஸ்டாப்பேஜ்டைம்

அப்போ உல்சான்ல மட்டும் எப்படி? அங்கே தெரிஞ்ச முகம் யாரும் இல்லையே.

10-12-2025, இரவு 10.12 | கார்னர்கொடி

நல்ல கேள்வி. கிம் யோங் குவோன் 2022-ல் வந்தார், ஆனால் அது மட்டும் காரணமில்லை.

நடுவில் மூன்று வருடம் (2017 நவம்பர் முதல் 2020 இறுதி வரை) கொரியக் கால்பந்துச் சங்கத்தின் நிர்வாக இயக்குநர். தேசியக் குழுத் தலைவர் கிம் பான் கோன் முறைப்படி தேடி பென்டோவைத் தேசிய அணிப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தது அந்தக் காலத்தில்தான். இதுவும் பின்னால் தேவைப்படும்.

உல்சான் 2005-க்குப் பிறகு லீக் ஜெயிக்கவில்லை, போட்டி கிளப் ஜியோன்புக்கிடம் கடைசிக் கட்டத்தில் வழுக்குவது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஹாங்கின் முதல் வருடம் 2021-ம் அப்படித்தான். அக்டோபரில் ஒரே வாரத்துக்குள் ஆசிய சாம்பியன்ஸ் லீக் அரை இறுதியில் போஹாங்கிடம் பெனால்டியில் தோல்வி, கோப்பை அரை இறுதியில் இரண்டாம் டிவிஷன் ஜியோன்னாமிடம் 1-2. லீக்கும் போனது. இடைவேளையில் "இதெல்லாம் ஒரு டீமா?" என்று அவர் கத்திய காட்சி வெளிவந்து, கொரிய இணையத்தில் மீம் ஆகிவிட்டது.

தேசிய அணியாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கிளப் பொறுத்தது. 2022-ல் மார்ச்சிலிருந்தே முதலிடம். அக்டோபர் 8, ஜியோன்புக்கோடு 0-1 பின்தங்கி, ஸ்டாப்பேஜ் நேரத்தில் ஹங்கேரிக்காரர் மார்ட்டின் ஆடம் பெனால்டியில் ஒன்று, தலையால் ஒன்று. 2-1. எட்டு நாள் கழித்து காங்வோனில் மறுபடி பின்தங்கி 2-1, பதினேழு வருடக் காத்திருப்பு முடிந்தது. 2023-ல் மூன்று ஆட்டம் மீதமிருக்கவே பட்டம்.

தினமும் பயிற்சி, வாராவாரம் ஆட்டம், தப்பு நடந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமை திருத்தலாம். தேசிய அணியில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள்.

10-12-2025, இரவு 10.20 | இடதுவிங்

அப்ப அந்த கிளப்பையே விட்டுட்டு 2024 ஜூலைல ஓடினது?

11-12-2025, மதியம் 12.50 | கார்னர்கொடி

இதில் அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

வரிசையாக: 2024 பிப்ரவரியில் தேசிய அணிப் பயிற்சியாளர் கிளின்ஸ்மன் நீக்கம். மார்ச்சில் ஹ்வாங் சுன் ஹாங், ஜூனில் கிம் டோ ஹூன், இரண்டும் தற்காலிகம். பேச்சில் இருந்த மார்ஷ் கனடா அணிக்குப் போய்விட்டார். ஜூன் கடைசியில் தேர்வுக் குழுத் தலைவர் ஜுங் ஹே சோங் விலக, வேலை தொழில்நுட்ப இயக்குநர் லீ இம் செங் கைக்கு. அவர் ஐரோப்பாவில் போயெட்டையும் வாக்னரையும் நேர்காணல் செய்துவிட்டு வந்து, இரவில் ஹாங்கின் வீட்டுப் பக்கம் போய்ச் சந்தித்துக் கேட்டார். ஜூலை 7-ல் ஹாங் என்று அறிவிப்பு. வெளிநாட்டுக்காரர்களுக்கு நேர்காணல், இவருக்கு வேண்டுகோள். குழு உறுப்பினர் பார்க் ஜூ ஹோவே யூடியூபில் வந்து உள்ளே நடந்ததைப் போட்டு உடைத்தார். கவலைப்பட வேண்டாம் என்று உல்சான் ரசிகர்களுக்கு ஹாங் சொல்லிச் சில நாள்தான் ஆகியிருந்தது. செப்டம்பரில் நாடாளுமன்றக் குழு முன் நிற்க வேண்டி வந்தது. பண்பாட்டு அமைச்சகத்தின் தணிக்கையும் நடைமுறை மீறல் என்றது, ஒப்பந்தம் மட்டும் தப்பியது.

சங்க நிர்வாகத்தில் மூன்று வருடம் இருந்து, முறையான தேர்வு எப்படி நடக்கும் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர் இவர். தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியே இல்லை.

11-12-2025, மதியம் 1.05 | கார்னர்கொடி

இதற்குப் பிறகு நடந்ததை யாராவது கதையாக எழுதினால் நம்பமாட்டார்கள். ஹாங் போனதும் உல்சானுக்கு வந்தவர் அதே கிம் பான் கோன், 2024 பட்டத்தையும் வாங்கினார். 2025-ல் உல்சான் கவிழ்ந்து, அவரும் போய், ஷின் டே யோங் வந்து அவரும் போய், ஒன்பதாமிடம். நிராகரிக்கப்பட்ட போயெட் ஜியோன்புக்குக்கு வந்து 2025 லீக்கைத் தூக்கினார்.

12-12-2025, இரவு 9.00 | கார்னர்கொடி

இப்போதைய அணி. தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்தில் ஆறு வெற்றி, நான்கு டிரா, தோல்வி இல்லை. ஆனால் சோலில் பாலஸ்தீனத்தோடு 0-0, அரங்கம் முழுக்கக் கூச்சல். 2025 மார்ச்சில் ஓமன், ஜோர்டான் இரண்டோடும் சொந்த மண்ணில் 1-1. ஜூன் 5-ல் பஸ்ராவில் ஈராக்கை 2-0 வென்று தகுதி. சொன் ஹியுங் மின், லீ காங் இன், கிம் மின் ஜே இருக்கிற அணிக்கு இந்தப் பிரிவு கடினமில்லை, அதனால் 'தோல்வியில்லை' என்பதற்கு ரொம்ப மதிப்புப் போட வேண்டாம்.

தகுதி உறுதியானதும் பின்வரிசையை மூன்றாக்கினார். செப்டம்பரில் அமெரிக்காவை 2-0, மெக்சிகோவோடு 2-2. அக்டோபர் 10, சோல், பிரேசில் 0-5. மேலே ஹிடிங்குக்குச் சொன்ன எண் மறுபடி வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு '2002 மாதிரியே ஆகும்' என்று சொல்கிறவர்களுக்கு: ஹிடிங்குக்காக லீக்கையே ஒதுக்கிவைத்து மாதக்கணக்கில் முகாம் நடத்தினார்கள். இவருக்கு அது கிடையாது, ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் ஐரோப்பாவில்.

அந்த ஐந்தில் இரண்டாம் பாதித் தொடக்கத்தில் விழுந்த இரண்டைப் பாருங்கள். 47-இல் கிம் மின் ஜே கடைசி ஆளாகப் பந்தை வைத்திருக்கும்போது எஸ்தெவாவ் பறித்து அடித்தார். இரண்டு நிமிடத்தில் நடுகளத்தில் பறிபோன பந்தில் ரொட்ரிகோ. எதிரணி மேலே ஏறி நெருக்கும்போது நடுத் தடுப்பாளருக்குப் பாஸ் கொடுக்க வழியில்லை, பக்கவாட்டு ஆட்டக்காரர்கள் ஐந்தாவதாகக் கீழேயே நின்றுவிட்டார்கள். இருந்த நடுகளத்தார் இருவரையும் பிரேசில் பிடித்துவிட்டது.

பிறகு பராகுவே, பொலிவியா இரண்டையும் 2-0, கானாவை 1-0. அந்த அளவுக்கு நெருக்குகிற அணி அதில் எதுவும் இல்லை.

12-12-2025, இரவு 9.35 | ஸ்டாப்பேஜ்டைம்

சரி, ஜூன்ல முதல் மேட்ச்ல எதைப் பார்க்கணும்னு சொல்லிட்டு முடிங்க.

12-12-2025, இரவு 10.10 | கார்னர்கொடி

முதல் இரண்டு ஆட்டமும் குவாடலஹாராவில், கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல். எதிரி முதலில் ஐரோப்பிய பிளேஆஃபில் வருகிறவர், அடுத்து மெக்சிகோ. மூன்றாவது மான்டெரேயில் தென்னாப்பிரிக்கா, அங்கே ஜூன் வெயில். உயரத்தில் மூச்சு சீக்கிரம் வாங்கும், பந்தும் காற்றில் வேகமாகப் போகும். நீளப் பந்துக்குப் பின்வரிசை அரை விநாடி முன்னதாகவே பின்வாங்க வேண்டும்.

முதல் பதினைந்து நிமிடம் கோலைப் பார்க்காதீர்கள். மூன்று பேரில் ஓரத்தில் நிற்கிற இருவர் பந்து வந்ததும் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஓட்டிக்கொண்டு முன்னேறினாலோ, எதிரணியின் முதல் வரிசையைத் தாண்டிப் பாஸ் போட்டாலோ வேலை நடக்கிறது. கீப்பருக்கே திருப்பிக் கொடுத்தால், அல்லது கிம் மின் ஜேயிடமே தள்ளிக்கொண்டிருந்தால், சோலில் பிரேசிலோடு பார்த்ததுதான் மறுபடி.

12-12-2025, இரவு 10.18 | இடதுவிங்

பூஜ்யத்தை வாபஸ் வாங்குறேன். பத்துக்கு நாலரை.

12-12-2025, இரவு 10.31 | கார்னர்கொடி

கிளப்புக்கு எட்டு போடுவேன். தேசிய அணிக்கு உங்கள் நாலரையே இருக்கட்டும், ஜூன் 24 மான்டெரே ஆட்டம் முடிந்ததும் திருத்தலாம்.